மூன்று மணிக்கு இரண்டு டிக்கெட்

ஸ்பெயினிலிருந்து திரும்பி வந்த வாரம், அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டின் பொதுச் சலவை அறையில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ட்ரிப் எப்படி இருந்துச்சு? காதிஸ் ஃபோட்டோ எல்லாம் பாத்தேன், செம!" என்றாள். நான் "நல்லா இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது: உடம்பு சரியில்லையா என்று. அவள் மேல் தப்பில்லை. அந்தச் சலவை அறையில் நான் பேச ஆரம்பித்தால் ட்ரையர் நின்று துணி ஆறிப்போகும் என்பது மூன்று கட்டடத்துக்கும் தெரியும்.

நன்றாக இருந்தது என்று நான் சொன்னது பொய். ஊர் நன்றாக இருந்தது. ஊரின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

காதிஸ் ஸ்பெயினின் தெற்குக் கோடியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர். ஒரு பக்கம் மட்டும் தரை, மற்றதெல்லாம் தண்ணீர். கடல் வியாபாரம் கொழித்த காலத்தில் அங்கே இருந்த வியாபாரிகள் தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்ப்பதற்காக வீட்டு மாடியிலேயே கோபுரம் கட்டிக்கொண்டார்களாம். அப்படிப்பட்ட கோபுரம் ஒன்றின் உச்சியில் ஒரு இருட்டு அறை இருக்கிறது. கூரையில் ஒரு லென்ஸும் கண்ணாடியும். நடுவில் பெரிய தாம்பாளம் மாதிரி ஒரு வெள்ளைத் தட்டு. வெளியே இருக்கிற ஊர் அந்தத் தட்டில் வந்து விழும். படம் இல்லை, அந்த நிமிடத்து ஊர். பறவை பறந்தால் தட்டிலும் பறக்கும்.

இதை எனக்குச் சொன்னது என் மகள். அவளுக்குப் பதினேழு வயது. ஆகஸ்டில் டெக்ஸாஸுக்குக் கல்லூரிக்குப் போகிறாள். லென்ஸ், வெளிச்சம், கேமரா என்றால் சாப்பாடு வேண்டாம். ஐஸ்க்ரீம் கடையில் வேலை செய்து சேர்த்த காசில் அவளே அந்தக் கோபுரத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி, ஆங்கிலத்தில் விளக்கம் சொல்கிற காட்சி. இரண்டே டிக்கெட்.

"அப்பாவுக்கு?" என்று கேட்டேன்.

"நீயும் நானும் மட்டும்" என்றாள். அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம், நான் பேசுவதெல்லாம் தமிழ். எங்கள் வீட்டில் அது அப்படித்தான் ஓடுகிறது. அவள் சொன்னதை இங்கே பெரும்பாலும் தமிழில் எழுதுகிறேன். "அப்பா வந்தா எல்லாரும் வருவாங்க. ஷீட்ல போடாதே, ப்ளீஸ்."

ஷீட் என்பதை விளக்கிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நாங்கள் ஏழு பேர். நான், என் கணவர், மகள். கீழ்வீட்டு பொள்ளாச்சி அக்காவும் அவர் கணவரும். அந்த அண்ணன் ஒரு மருந்துக் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். மற்ற இருவர் என் கணவரின் ஆபீஸில் வேலை செய்யும் பையனும் அவனைப் புதிதாகக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணும். ஏழு பேருக்கும் சேர்த்து அண்ணன் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டிருந்தார். காலை ஆறு மணியிலிருந்து படுக்கும் வரை பத்து நாளும் கட்டம் கட்டமாக, கலர் அடித்து. பாத்ரூமுக்கே பச்சை கலரில் கட்டம் உண்டு.

அண்ணன் நல்ல மனிதர். பனிக்காலத்தில் எங்கள் காரின் மேல் கிடக்கும் பனியையும் சேர்த்துத் தள்ளுகிறவர். அவருக்கு ஒரே ஒரு சட்டம்: சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே இருக்க வேண்டும். "ஏழு பேர் வந்தோம், ஏழு பேரும் ஒரே படத்துல இருக்கோணும். ரெண்டு பேர் அக்கட்ட, மூணு பேர் இக்கட்டன்னா அது டூர் இல்லீங்க, தேடுதல் வேட்டை" என்பார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் உயிர். ஃபோனில் குறித்துவைத்துக்கொள்வேன். மற்றவர்கள் மலையையும் மாளிகையையும் படம் பிடிக்கிறார்கள். நான் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொள்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை வரை அந்தத் தேடுதல் வேட்டை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

நம் ஆட்கள் கூட்டமாகப் போகும்போது "நாங்க ரெண்டு பேரும் மட்டும் தனியா போயிட்டு வரோம்" என்று சொல்ல முடியுமா? புதுசாகக் கல்யாணம் ஆனவர்களாலேயே சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன கோபம் என்று கேட்பார்கள். கோபம் இல்லை, ஒரு கோபுரம் என்றால், அட நாங்களும் வருகிறோமே என்பார்கள். உள்ளதைச் சொன்னால் ஏழு பேர். சொல்லாவிட்டால் நகர முடியாது. முந்தின நாளே இதற்கு ஒரு வழி யோசித்திருக்க வேண்டும். அப்போது சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சமாளிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு எண்ணம்.

நாங்கள் தங்கியிருந்த செவில் நகரத்திலிருந்து காதிஸுக்கு ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காற்று அடித்த அடியில் புது மாப்பிள்ளையின் தொப்பி ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவன் ஓட, பின்னால் அவன் மனைவி ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டே ஓட, அண்ணன் நின்ற இடத்திலிருந்தே கத்தினார்: "தொப்பி போனாப் போகுது தம்பி, நீங்க வாங்க! எண்ணிக்கை முக்கியம்!"

பத்தரைக்குக் கதீட்ரல். மஞ்சள் குவிமாடம், உள்ளே போனால் கூரைக்குக் கீழே வலை கட்டியிருக்கிறார்கள். அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கண்ணு, எதுக்கு இந்த வலை? புறாவுக்கா? அந்தாளுகிட்டக் கேளு சாமி" என்றார். என் மகள் பள்ளியில் நாலு வருஷம் ஸ்பானிஷ் படித்தவள். போய்க் கேட்டாள். கடல் உப்பு கல்லைத் தின்று தின்று துணுக்கு துணுக்காக விழுகிறதாம், தலையில் படாமல் இருக்க வலை என்றார்களாம். அக்கா உடனே இரண்டு அடி பின்னால் வந்து, "எந்தப் பக்கம் ஜாஸ்தி விழுகுதுன்னும் கேட்டுக்க" என்றார்.

அவளை மொழிபெயர்க்க விட்டது யார்? நான்தான். நியூவார்க்கில் விமானம் ஏறும்போதே, "எதுக்குக் கவலை, என் பொண்ணு ஸ்பானிஷ் பேசுவா" என்று பெருமை அடித்தவள் நான். நாலு நாளில் அவள் ஏழு பேருக்கும் வாயாகிவிட்டாள். தண்ணீர் எங்கே, டாய்லெட் எங்கே, இந்த ரொட்டியில் முட்டை உண்டா, இந்த பஸ் அங்கே போகுமா, அங்கே போகிற பஸ் இங்கே வருமா. கதீட்ரலைவிட்டு வெளியே வந்தபோது அவள் தன் கேமராவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கண்ணா, அந்தக் கடைல எலுமிச்சை ஜூஸ்ல ஐஸ் போடாம குடுப்பாங்களான்னு அப்பா கேக்கறார்" என்றும் சொன்னேன்.

அவள் போய்க் கேட்டாள். திரும்பி வந்து என் காதருகே, "மூணு மணி, அம்மா" என்றாள்.

"இன்னும் நாலு மணி நேரம் இருக்கே" என்றேன்.

கடல் சுவரோரமாக நடந்தோம். அந்தச் சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் கல்லுக்குள் சிப்பி சிப்பியாகப் பதிந்திருக்கிறது. ஊரையே கடலிலிருந்து வெட்டியெடுத்துக் கட்டின மாதிரி. என் மகள் ஒரு சிப்பிக்கு நேராக ஃபோகஸ் செய்துகொண்டிருந்தபோது அண்ணன் கை தட்டினார். குரூப் ஃபோட்டோ. காற்றில் ஏழு பேரின் தலைமுடியும் ஒரே பக்கம் பறக்க, ஸ்பெயின்காரர் ஒருவரைப் பிடித்து எடுக்கச் சொன்னார்கள். பிடித்தது என் மகள்தான். அக்கா கண்ணை மூடிவிட்டார் என்று மறுபடி. புதுப் பெண்ணின் துப்பட்டா என் கணவர் முகத்தை மறைத்துவிட்டது என்று மறுபடி. அண்ணனுக்குப் பின்னால் யாரோ நாயோடு போனார் என்று மறுபடி. அந்த ஸ்பெயின்காரர் கடைசியில் ஃபோனை அவள் கையில் கொடுத்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "என்ன சொன்னார்?" என்று எல்லாரும் கேட்டோம். "குட் லக்னு சொன்னார்" என்றாள்.

ஒன்றேகாலுக்கு ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். அன்று வெள்ளிக்கிழமை, அக்காவுக்கும் அண்ணனுக்கும் மீன், முட்டை எதுவும் ஆகாது. மீனுக்கே பேர் போன ஊரில், மீன் தவிர வேறு வாசனையே இல்லாத தெருவில், மெனு முழுவதையும் என் மகள் உரக்க வாசித்தாள். தக்காளி சாலட் என்று வந்ததன் மேலே டூனா மீன் உட்கார்ந்திருந்தது. "இது சாலடா, மீன் கடையா?" என்றார் அண்ணன். அதைத் திருப்பிக் கொடுத்து, மீனை மட்டும் எடுத்துவிட்டு அதே தட்டைக் கொண்டுவந்தால் ஆகாது, புதுத் தட்டு வேண்டும் என்று அவள் சர்வரிடம் விளக்கினாள். அந்த சர்வர் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. கடைசியில் அக்கா கைப்பையைத் திறந்து செவிலில் காலையில் குக்கரில் கிளறிய எலுமிச்சைச் சாதத்தை மேஜைக்கடியில் வைத்துச் சாப்பிட்டார். "நமக்கு நம்ம சாப்பாடே தொணை" என்றார். அப்போதும் குறித்துக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டு ஐந்து. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: தாராளமாக இருக்கிறது. பில் வந்ததும் ஏதாவது சாக்கு சொல்லிக் கிளம்பிவிடலாம்.

பில் வரவில்லை. அமெரிக்காவில் கடைசி வாயை மெல்லும்போதே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நோ ரஷ்" என்று வேறு சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் நாங்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்தோம். சர்வர் தூரத்தில் நின்று எங்களை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் ஒழிய அந்த ஊரில் பில் வராது. கேட்காமல் கொண்டுவருவது விருந்தாளியை எழுந்து போ என்று சொல்வது மாதிரி. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் அவனுக்காகவும் அவன் எங்களுக்காகவும் காத்திருந்ததில் அரை மணி நேரம் போயிற்று. அந்த அரை மணியும் நான் சும்மா இருந்தேனா? புதுப் பெண்ணிடம் அவள் மாமியார் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன விதம் அவ்வளவு சுவாரசியம். என் மகள் மேஜைக்குக் கீழே என் முழங்காலில் தட்டினாள். இரண்டு முறை. பிறகு தானே எழுந்துபோய் பில்லைக் கேட்டாள்.

வெளியே வரும்போது இரண்டு நாற்பது.

"அம்மா" என்றாள். அவ்வளவுதான். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நாங்க ரெண்டு பேரும் ஒரு மெடிக்கல் ஷாப் வரைக்கும் போயிட்டு வந்துடறோம். லேடீஸ் சமாச்சாரம்" என்றேன். இதைவிடப் பலமான சாக்கு கிடையாது என்று நினைத்திருந்தேன்.

"அட, நானும் வர்றேன்" என்றார் அக்கா. "எனக்கும் ஒரு சாமான் வாங்கோணும்."

"மெடிக்கலா?" என்றார் அண்ணன். "என் முட்டிக்கு ஒரு களிம்பு வேணுமே. ஏம்மா, காலைலயே சொல்லியிருந்தா ஷீட்ல போட்டிருப்பேன்ல?"

என் கணவருக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது. புது மாப்பிள்ளைக்கு சன்ஸ்க்ரீன். ஏழு பேரும் மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம்.

பச்சைச் சிலுவை எரிகிற சின்னக் கடை. எங்களுக்கு முன்னால் இரண்டு வயதான பெண்கள் மருந்தோடு குடும்பக் கதையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அண்ணன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, "கண்ணு, இங்கதான். படி ஏறும்போது இல்ல, எறங்கும்போது. குத்தற வலி இல்ல, இழுக்கற வலி. அப்படியே சொல்லு" என்றார். குத்துகிற வலிக்கும் இழுக்கிற வலிக்கும் ஸ்பானிஷில் வித்தியாசம் தேடிக்கொண்டு என் மகள் நின்றாள். அவள் கழுத்து சிவந்துபோயிருந்தது. கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

நான் அவளை ஓரமாக இழுத்தேன். "நீ போ. இப்பவே போ. நான் அஞ்சே நிமிஷத்துல பின்னாடி வந்துடறேன்."

"நீ வர மாட்டே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று ஃபோனில் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள்.

"சத்தியமா வரேன்டீ!"

என் டிக்கெட்டை என் ஃபோனுக்கு அனுப்பிவிட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடந்தவள் திருப்பத்தில் ஓட ஆரம்பித்தாள்.

களிம்பு வாங்கியாயிற்று. அண்ணன் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு விரலால் எண்ணினார். "ஆறு. ஒண்ணு குறையுதே! புள்ள எங்க?"

"டாய்லெட்" என்றேன்.

"எங்க டாய்லெட்? எந்தக் கடை? தனியாவா அனுப்புனே?" என்று அக்கா பதறினார். "ஏனுங், நாமளும் போய்ட்டு வந்தரலாமுங்" என்று கணவரிடம் வேறு சொன்னார்.

"நீங்க எல்லாரும் இங்கயே இருங்க, நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டு வெளியே பாய்ந்தேன். என் கணவர் ஒரு மாதிரி பார்த்தார். பதில் சொல்ல நேரமில்லை. மணி இரண்டு ஐம்பத்தாறு. ஃபோனில் கோபுரத்துக்கு ஐந்து நிமிட நடை என்று காட்டியது. ஓடினால் மூன்று. இது நடக்கக்கூடிய காரியம்தான்.

இதுவரைக்கும் எழுதியதில் எல்லார் மேலும் பழி போட்டுவிட்டேன். மீதியை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் சலவை அறையில் நான் சொல்லாமல் மேலே ஓடிவந்தது இதைத்தான்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சதுக்கம் உண்டு. முழுக்கப் பூக்கடைகள். அதன் குறுக்கே போனால்தான் கோபுரத்துத் தெரு. நான் வேகமாகத்தான் போனேன். பாதிச் சதுக்கத்தில் சம்பங்கி வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் வாளியில் கட்டுக் கட்டாக நிஜமான நிலச்சம்பங்கி, காம்போடு. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் மூக்கைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். என் டேகேரில் கூட வேலை செய்கிற குவாத்தமாலா பெண்ணிடம் பொறுக்கிய இருபது முப்பது ஸ்பானிஷ் வார்த்தை எனக்கும் உண்டு. நாலு நாளாக மகள் பேசியதில் அதற்கு வேலையே வரவில்லை. "எங்க ஊரில்," என்றேன், தலையைத் தொட்டுக் காட்டி, "கல்யாணம். பூ. இங்கே." அவ்வளவுதான் சொன்னேன். அவள் அப்படியா என்று கண்ணை விரித்தாள். அவள் ஊரிலும் வைப்பார்களாம், மல்லிகையை, கோடையில், அவள் அம்மா வைப்பாளாம். கையாலும் கண்ணாலும் சொன்னாள். ஒரு கொத்தைக் கிள்ளி, தன் கொண்டையிலிருந்தே ஒரு ஊசியை உருவி, என்னைத் திருப்பி நிறுத்தி என் பின்னலில் செருகினாள். நான் ஊரில் சம்பங்கியை எப்படி மாலையாகக் கட்டுவோம் என்று விரலால் காட்டினேன். அவள் நூல் எடுத்து வந்தாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. சுகமாக இருந்தது. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த முதல் சுகம்.

பக்கத்துச் சர்ச்சில் மணி அடித்தது. மூன்று முறை. அப்போதும் ஒரே நொடியில் கிளம்பினேனா என்றால், இல்லை. கட்டிய முடிச்சை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோபுரத்து வாசலில் மூன்று ஏழு. டிக்கெட் மேஜையிலிருந்த பெண் என் ஃபோனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இருட்டு அறை, காட்சி தொடங்கிவிட்டால் கதவைத் திறக்க முடியாது, வெளிச்சம் உள்ளே வந்துவிடும் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அடுத்த காட்சி? நிரம்பிவிட்டது. அதற்கடுத்தது? இன்று முழுவதும் நிரம்பிவிட்டது, மேடம். மொட்டை மாடிக்கு வேண்டுமானால் இதே டிக்கெட்டில் போகலாம். நான் அவளிடம் என் மகள் உள்ளே இருக்கிறாள் என்றேன். ஆகஸ்டில் காலேஜுக்குப் போகிறாள் என்றும் சொன்னேன், அதற்கும் அவளுக்கும் சம்பந்தம் இருப்பதைப் போல. தலையாட்டினாள்.

படியேறி, அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே யாரோ பேசுவதும் நடுவே எல்லாரும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது; என் கணவர், அக்கா, அண்ணன், மறுபடி என் கணவர். சைலண்டில் போட்டேன்.

மூன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வந்தவர்களில் கடைசியாக என் மகள்.

"எப்படி ஓடி வந்தேன் தெரியுமாடீ" என்று ஆரம்பித்தேன். "அந்த அண்ணன் விட்டாத்தானே! மூச்சு வாங்க ஓடி வந்தும் ரெண்டே நிமிஷத்துல..."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகப் பூவுக்குப் போயிற்று.

"அம்மா, நான் உன்னைப் பாத்தேன்" என்றாள்.

அவள் சொன்னது இது. அந்த அறையில் வழிகாட்டி ஒரு கயிற்றை இழுத்து லென்ஸை ஊர் முழுக்கத் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறாள். கதீட்ரல், கடல், துணி காயும் மாடிகள். பூச்சதுக்கம் வந்தபோது, ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தட்டின் மேல் பிடித்து, அதில் விழுந்த ஆட்களைக் காகிதத்தோடு மேலே தூக்கிக் காட்டினாளாம். மனிதர்களையே கையில் எடுப்பது போல. எல்லாரும் சிரித்தார்களாம். அப்படித் தூக்கியது மஞ்சள் சுடிதார் போட்ட, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை. "இந்த அம்மா ரொம்ப பிஸி" என்றாளாம் வழிகாட்டி.

"நீ ஓடலை" என்றாள் என் மகள். "நின்னுட்டு இருந்தே."

  அவள் இன்னொரு படிக்கட்டைக் காட்டி, "மாடிக்கு டிக்கெட் இருக்கு. வர்றியா?" என்றாள். அழைத்தாளா, கடமைக்குக் கேட்டாளா, தெரியவில்லை. பின்னாலேயே போனேன்.

மேலே ஊர் முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. மாடிக்கு மாடி கோபுரம், அப்பால் எல்லாப் பக்கமும் கடல். காற்று பேச விடவில்லை. அவள் கேமராவின் மூடியைத் திறந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சாரி சொன்னால் அதுவும் ஒரு பத்து நிமிடப் பேச்சாகிவிடும் என்று பயமாக இருந்தது. சிறிது நேரம் கழித்து அவளே, இடதுபக்கம் கைகாட்டி, தட்டில் கடல் எப்படி ஓரத்தில் வளைந்து தெரிந்தது, சீகல் பறவை ஒன்று குறுக்கே போனபோது எல்லாரும் எப்படித் தலையைக் குனித்தார்கள் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நான் கேட்டேன்.

அப்போது ஃபோன் கைக்குள் அதிர்ந்தது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்த்தாள். எடுத்தேன். என் கணவர், "எங்கம்மா போனீங்க ரெண்டு பேரும்? போலீசுக்குப் போலாமான்னு பேசிட்டு இருக்கோம்!" என்றார். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. உள்ளதைச் சொன்னேன். கோபுரம், டிக்கெட், ரெண்டு பேர் மட்டும், அவள் கேட்டது, நான் மறைத்தது.

அந்தப் பக்கம் ஃபோன் கை மாறியது. "என்னம்மா நீ!" என்றார் அண்ணன். குரலில் வருத்தம். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? இருங்க, எல்லாரும் வந்தர்றோம்."

"வராதீங்கண்ணா" என்றேன்.

நானா சொன்னேன் என்று எனக்கே திகைப்பு. மகள் திரும்பிப் பார்த்தாள்.  அண்ணன் கடகடவென்று சிரித்தார். "என் முட்டிக்குப் பயந்து சொல்றியா? அதான் களிம்பு போட்டாச்சே! அஞ்சே நிமிஷம்!" ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

"ஆஃப் கோர்ஸ்" என்றாள் மகள். ஆனால் கொஞ்சம் சிரித்தாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கீழே படிக்கட்டில் குரல் கேட்டது. டிக்கெட் மேஜையில் மாடிக்கு மட்டும் டிக்கெட் வாங்கியிருப்பார்கள் போல. "எத்தனை படிங் இது? மூச்சு முட்டுது!" என்பது அக்கா. "மெதுவா, மெதுவா, எண்ணிட்டே வாங்க" என்பது அண்ணன். பிறகு அக்காவே சத்தமாக, "கண்ணூ! இங்க பாத்ரூம் எங்கிருக்குன்னு கேட்டு வெச்சியா?"

என் மகள் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள். மூடியைத் தேடிப் பாக்கெட்டில் கை போயிற்று.

"நீ இரு" என்றேன்.

கீழே இறங்கினேன். மாடிக்கு ஒரு தளம் கீழே பழைய கப்பல் படங்களும் வரைபடங்களும் மாட்டிய ஒரு அறை இருந்தது. அந்த வாசலில் ஐந்து பேரையும் மடக்கினேன். பாத்ரூமை நானே என் டேகேர் ஸ்பானிஷில் கேட்டு அக்காவை அனுப்பினேன். அண்ணனை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து முட்டியைப் பற்றி விசாரித்தேன்: குத்துகிறதா, இழுக்கிறதா, இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதா. புதுப் பெண்ணிடம் மாமியார் கதையை விட்ட இடத்திலிருந்து கேட்டேன். அவள் கணவனுக்குக் கப்பல் படங்களில் ஒவ்வொன்றாகப் பாய்மரம் எண்ணச் சொன்னேன். பாத்ரூமிலிருந்து அக்கா வந்ததும் பூக்காரியின் கதையை முழுசாக, முடிச்சு போடுவது எப்படி என்பது உட்பட, நூல் இல்லாமல் விரலாலேயே செய்து காட்டினேன். அக்கா பின்னலைத் தொட்டு முகர்ந்துவிட்டு, "நம்மூர் சம்பங்கியேதான்" என்றார்.

இரண்டு முறை அண்ணன் விரலை நீட்டி எண்ணினார். "ஆறுதானே இருக்கு. புள்ள?"

"மேலதான் இருக்கா, வந்துடுவா" என்றேன். "அண்ணா, அந்தத் தேடுதல் வேட்டைன்னு சொன்னீங்களே, அது எங்க நடந்தது, ஊட்டியிலயா?"

அவர் ஊட்டியில் ஒரு தடவை ஆள் தொலைந்து தேடின கதையைத் தொடங்கினார். என் கணவர் மட்டும் சுவரில் சாய்ந்து என்னையும் மாடிப் படியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நகர்ந்து போய்ப் படியின் கீழ்ப்பக்கத்தில், வரைபடம் பார்ப்பதைப் போல, வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

இருபது நிமிடம் நிறுத்திவைத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணனே எழுந்தபோதுதான் நிறுத்தினேன். அவர்கள் யாரும் மாடிக்கு ஏறவில்லை. அந்த இருட்டு அறையை நானும் பார்க்கவில்லை. மேலே நின்று அவள் எடுத்த படங்களை இன்னும் எனக்குக் காட்டவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.